மூடிய மைதானமும் மூடிய கடலும்: இரண்டு லூயிஸ் தியாந்த்கள்

1

கியூபாவை விட்டு வெளியேறி அமெரிக்காவில் பேஸ்பால் ஆடப் போனவர்களைப் பற்றி இரண்டு கதைகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மயாமிக் கதை. சர்வாதிகாரத்தின் பிடியிலிருந்து தப்பி, சுதந்திரக் காற்றைத் தேடி ஓடிவந்த வீரன் அதில் வருவான். இன்னொன்று ஹவானாக் கதை. மக்கள் பணத்தில் வளர்ந்து, டாலரைக் கண்டதும் தாய்நாட்டை விற்றுவிட்ட துரோகி இதில் வருவான். முதல் கதையை நாம் நம்புவதில்லை. அதைச் சொல்பவர்கள் யார், அந்தச் 'சுதந்திர'த்துக்குப் பின்னால் எத்தனை சர்க்கரை ஆலை முதலாளிகள் நிற்கிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது கதையை அவ்வளவு கறாராக நாம் விசாரித்ததில்லை. கியூபா நம்ம பக்கத்து ஆள். நம்ம ஆளைப் பற்றி ஏன் நோண்டிக்கொண்டு என்று விட்டுவிடுகிறோம்.

என் சந்தேகம் இரண்டின் மீதும்தான். மேலுக்கு இவை ஒன்றையொன்று மறுக்கிற கதைகள். உள்ளே போனால் இரண்டுக்கும் ஒரே இலக்கணம். அந்த ஆளின் உடம்பு, அவன் கை, அவன் தோள் யாரோ ஒருவருக்குச் சொந்தம். சந்தைக்கு, இல்லாவிட்டால் அரசுக்கு. அவன் தன் வீட்டுக்கும் தன் வேலைக்கும் இடையே போகவர நினைத்த ஒரு மனிதனாக இரண்டு கதையிலும் வருவதே இல்லை.

இதைப் பேச எனக்குத் தோதாகக் கிடைத்தவர் லூயிஸ் தியாந்த். 1940 நவம்பர் 23 அன்று ஹவானாவை ஒட்டிய மரியானாவோவில் பிறந்தவர். 2024 அக்டோபர் 8 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 83ஆம் வயதில் இறந்தவர். அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் 1964 முதல் 1982 வரை 19 பருவங்கள் பந்து எறிந்து 229 ஆட்டங்களை வென்றவர். ஆனால் அவரை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் கதை மறுபடி அந்தப் பழைய இரண்டு வாய்க்கால்களில் ஒன்றில்தான் போய் விழும். அவருக்கு முன்னால் அதே பெயரில் இன்னொரு லூயிஸ் தியாந்த் இருந்தார். அவருடைய அப்பா. அவரும் பந்து எறிபவர்தான். இரண்டு பேரையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்காக இரண்டு வரி. பேஸ்பாலில் பந்து எறிபவர், அதாவது பிட்சர், ஓடிவருவதில்லை. சுமார் 18 மீட்டர் தள்ளி நிற்கும் மட்டையாளரைப் பார்த்து, ஒரு சிறு மேட்டின்மேல் நின்றபடியே எறிகிறார். ஒரு ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல்கூட எறிய வேண்டிவரும். அணியின் வெற்றி தோல்வியே அவர் பெயரில்தான் பதிவாகும். ஆக இந்த ஆட்டத்தில் ஒரு தனி மனிதனின் தோள்பட்டை என்பது பெரிய மூலதனம்.

2

கியூபாவுக்கு இந்த ஆட்டம் எப்படி வந்தது என்பதிலேயே ஒரு அரசியல் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் படித்துவிட்டு 1864இல் ஊர் திரும்பிய நெமெசியோ கில்லோ என்ற இளைஞர் பெட்டியில் ஒரு மட்டையும் பந்தும் கொண்டுவந்தார் என்பதுதான் கியூபர்கள் வழக்கமாகச் சொல்லும் தொடக்கம். நாலே வருஷத்தில், 1868இல், ஸ்பெயினுக்கு எதிரான பத்தாண்டுப் போர் வெடித்தது. ஆள்பவனுடைய பொழுதுபோக்கு காளைச் சண்டை. அதற்கு எதிராக நவீனமான, ஸ்பெயினுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைத் தேடிய கிரியோல் இளைஞர்கள் பேஸ்பாலைப் பிடித்துக்கொண்டார்கள். காலனி அதிகாரிகள் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஹவானா கிளப்பின் எமிலியோ சபூரின் சுதந்திரப் போரில் ஈடுபட்டதற்காகக் கைதாகி, வட ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சேயுத்தா சிறையில் 1897இல் இறந்தார்.

அடுத்த வருஷமே அமெரிக்கப் படை வந்து இறங்கியது. ஸ்பெயின் போனது, புது எஜமான் வந்தான். நேற்று வரை எதிர்ப்பின் அடையாளமாக இருந்த ஆட்டம், இன்று புது எஜமானின் தேசிய ஆட்டம்! கியூபர்கள் என்ன செய்வார்கள்? ஆட்டத்தைக் கைவிடவில்லை. எஜமானை அவனுடைய ஆட்டத்திலேயே தோற்கடிப்பது என்று இறங்கினார்கள். 1908 கடைசியில் சின்சினாட்டி ரெட்ஸ் அணி ஹவானாவுக்கு வந்தது. ஹொசே மெந்தெஸ் என்ற இருபத்தோரு வயதுப் பையன் அவர்களை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் திருப்பி அனுப்பினான். வருகிறவர்கள் எல்லாரும் வியந்தார்கள். ஆனால் ஒருவரும் அவனைத் தங்கள் பெரிய லீக்குக்குக் கூப்பிடவில்லை. மெந்தெஸ் நல்ல கறுப்பு.

மூன்று வருஷம் கழித்து, 1911இல், அதே சின்சினாட்டி அணி கியூபாவிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டது. ரஃபேல் அல்மெய்தா, அர்மாந்தோ மர்சான்ஸ். சேர்ப்பதற்கு முன் இவர்கள் உடம்பில் ஓடுவது சுத்தமான ஐரோப்பிய ரத்தம்தானா என்று விசாரித்து, ஆமாம் என்று உறுதி வாங்கிக்கொண்டார்கள். நமக்கு ரொம்பப் பழக்கமான விசாரணை இது. ஊரும் மொழியும்தான் வேறு. வெளுத்த தோல்காரரான அடோல்ஃபோ லூகே 1923இல் அதே அணிக்கு 27 ஆட்டங்களை வென்று கொடுத்தார். பலரும் கியூபாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்லும் மார்ட்டின் திஹிகோவால் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. ஒரே தீவு, ஒரே ஆட்டம். கடலைத் தாண்டி எந்தக் கதவு வழியாக உள்ளே போகலாம் என்பதைத் திறமை தீர்மானிக்கவில்லை, தோலின் நிறம் தீர்மானித்தது.

இந்த இடத்தில் கியூபாவையும் சும்மா விட்டுவிட முடியாது. தொழில்முறை லீக்கில் 1900 முதலே கறுப்பர்கள் ஆடினார்கள். ஆனால் கனவான்களின் சங்கங்கள் நடத்திய அமெச்சூர் லீக்கில், புரட்சி வரைக்கும், கறுப்பனுக்கு இடமில்லை. காசுக்கு ஆடினால் கறுப்பன் ஆடலாம், கௌரவத்துக்கு ஆடுவதென்றால் கூடாது. உழைப்பாக இருக்கும்வரை அந்த உடம்பு தீட்டில்லை; மரியாதை என்று வரும்போதுதான் தீட்டு.

3

அப்பா தியாந்த் 1906இல் ஹவானாவில் பிறந்தவர். ஒல்லியான உடம்பு, இடது கை. ஓட்டக்காரன் கொஞ்சம் அசந்தால் போதும், பேஸை விட்டு இரண்டடி நகர்ந்தவனை வளைத்து அவுட்டாக்கிவிடுவார் என்பதில் அவருக்குப் பெயர். 1930களிலும் 40களிலும் நியூயார்க் கியூபன்ஸ் என்ற அணிக்கு ஆடினார். ஹார்லெமில் லாட்டரி நடத்திச் சம்பாதித்த அலெக்ஸ் போம்பேஸ் நடத்திய அணி அது. அன்று 'நீக்ரோ லீக்' என்று அழைக்கப்பட்ட, கறுப்பர்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்ட லீக்குகளில் ஒன்றில் அது ஆடியது. பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து, எந்த ஊரில் எந்த ஓட்டலில் சாப்பாடு கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு ஆடிய காலம்.

கோடையில் நியூயார்க், குளிர்காலத்தில் ஹவானா. இதுதான் வருஷச் சுற்று. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. பொருள்வயிற் பிரிவு என்று நம் அகமரபில் ஒரு வகை உண்டல்லவா? பொருள் தேடிப் போகிறவன் கார்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மேகம் கறுத்தும் அவன் வரவில்லையே என்று இங்கே இருப்பவள் தவிக்கிறாள். அந்த இலக்கணமே 'திரும்பி வருவான்' என்ற ஏற்பாட்டின் மேல் கட்டியதுதான். அப்பா தியாந்தின் வாழ்க்கை இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கிற்று. பருவம் முடிந்தால் கப்பல். கப்பல் ஏறினால் வீடு. கடலைக் கடப்பதை யாரும் தடுக்கவில்லை. தடுத்தது மைதானத்தின் வாசலில்தான்.

1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளின் அணிக்காக இறங்கி நிறத் தடையை உடைத்தார். அதே வருஷம் நியூயார்க் கியூபன்ஸ் தங்கள் லீக்குகளின் உலகத் தொடரை வென்றது. அப்பா தியாந்த் அந்த வருஷம் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அதே அணியில் இருந்த இளைஞர் மின்னி மின்யோசோ 1949இல் க்ளீவ்லாந்து வழியாகப் பெரிய லீக்கினுள் நுழைந்தார். அப்பாவுக்குக் கதவு திறந்தபோது தோள் ஓய்ந்துவிட்டது. வரலாறு 'முன்னேறுகிறது' என்று சொல்கிறோமே, அந்த முன்னேற்றத்தின் தேதிக்கு இரண்டு வருஷம் முன்னால் பிறந்தவனுக்கும் பின்னால் பிறந்தவனுக்கும் அது ஒன்றே அல்ல.

ஊர் திரும்பிய அப்பா தன் ஒரே மகன் பந்து எறிவதை விரும்பவில்லை. கறுப்பனுக்கு அங்கே என்ன நடக்கும் என்று உடம்பால் அறிந்தவர். தான் பட்ட அவமானம் பையன் படக்கூடாது என்று நினைத்தார். அம்மா இசபெல்தான் பையன் பக்கம் நின்றார். 1959இல் மகன் மெக்சிகோ சிட்டி டைகர்ஸ் அணிக்கு ஆடப் போனான். அப்பாவைப் போலவே பருவத்துக்குப் போய் ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

4

1959 ஜனவரியில் புரட்சி. அது செய்தவற்றைச் சொல்லாமல் அது மறுத்தவற்றை மட்டும் பேசுவது மயாமிக்காரன் வேலை. வெள்ளையர் மட்டுமே கால்வைத்த கடற்கரைகளும் சங்கங்களும் எல்லோருக்கும் திறந்தன. அமெச்சூர் லீக்கின் தீட்டு ஒழிந்தது. 1961 பிப்ரவரியில் விளையாட்டுக்கென்று தனி அரசு நிறுவனம் ஏற்பட்டது. கரும்புத் தோட்டத்துப் பிள்ளைக்கும் பயிற்சியாளர் கிடைத்தார். விளையாட்டு மக்களின் உரிமை என்பது அங்கே சுவரெழுத்தோடு நின்றுவிடவில்லை. 1962 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தொடரில் ஆடியவர்கள் சம்பளத்துக்கு விற்கப்பட்டவர்கள் அல்ல. பின்னால் 1992, 1996, 2004 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றது இந்த அமைப்புதான்.

இன்னொரு பக்கம் அமெரிக்கா கழுத்தை நெரிக்கத் தொடங்கியிருந்தது. ஹவானா சுகர் கிங்ஸ் என்ற அணி அமெரிக்காவின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடி வந்தது. 1959இல் அந்த நிலையின் கோப்பையையும் வென்றது. 1960 ஜூலையில், பருவம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த அணியைப் பிடுங்கி ஜெர்சி சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். 1961 ஜனவரி 3 அன்று ராஜிய உறவு முறிந்தது. ஏப்ரலில் பன்றி வளைகுடாப் படையெடுப்பு. 1962 பிப்ரவரியில் முழு வணிகத் தடை. கியூபா பதிலுக்குத் தொழில்முறை விளையாட்டையே ஒழித்து ஆணை போட்டது.

மகன் தியாந்த் 1961 மே மாதம் மெக்சிகோவுக்குக் கிளம்பினார். தப்பித்து ஓடவில்லை, வேலைக்குப் போனார். ஆகஸ்டில் அங்கேயே மரியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியை ஊருக்கு அழைத்துப் போய் அப்பா அம்மாவிடம் காட்ட வேண்டும் என்பது திட்டம். அப்போதுதான் அப்பாவின் கடிதம் வந்தது. வராதே, வந்தால் திரும்பப் போக விடமாட்டார்கள் என்பது அதன் சாரம். அமெரிக்காவுக்குப் போகாதே என்று ஒரு காலத்தில் சொன்ன அதே அப்பாதான் இப்போது வீட்டுக்கு வராதே என்று எழுதுகிறார். இந்தக் கடிதத்தை எந்தக் கதையில் வைப்பது? மயாமிக் கதையில் வைக்க முடியாது. எழுதியவர் தீவை விட்டுப் போகவில்லை. ஹவானாக் கதையிலும் வைக்க முடியாது. பையன் எதையும் விற்கவில்லை. ஆனாலும் போனவர்களைக் குறிக்கக் கியூபாவில் ஒரு சொல் தயாராக இருந்தது: 'கூசானோ', புழு. அந்தச் சொல்லுக்குள் கரும்பு ஆலை முதலாளியும் சம்பளத்துக்குப் பந்து எறியப் போன கறுப்பனும் ஒன்றாகிவிட்டார்கள். வர்க்கத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த அரசியல், இந்த ஒரு இடத்தில் வர்க்கத்தை மறந்துபோயிற்று.

5

இனி மறுபக்கம். மெக்சிகோ அணி தியாந்தை 35,000 டாலருக்கு க்ளீவ்லாந்துக்கு விற்றது. 1963இல் அவரை வட கரோலைனாவில் உள்ள பர்லிங்டனுக்கு ஆட அனுப்பினார்கள். அப்பா எதற்குப் பயந்தாரோ அது அங்கே காத்திருந்தது. வெள்ளைச் சகாக்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிட முடியாது, தங்கும் இடத்தில் தங்க முடியாது. அந்த வருஷம்தான் அவர் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். 1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தாயிற்று. பதினேழு நாள் கழித்து, ஜூலை 19 அன்று, நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் தியாந்த் பெரிய லீக்கில் முதல் முறையாக இறங்கினார். யாங்கிகளை ஒரு ரன்கூட எடுக்கவிடவில்லை. அப்பாவுக்கு அதே ஊரில் கிடைக்காத பெரிய லீக் வாய்ப்பு அது.

1968இல் அவர் 21 ஆட்டம் வென்றார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்தது 1.60 ரன். ஒரே ஆட்டத்தில் 10 இன்னிங்ஸில் 19 பேரை மட்டையில் படாமலே வெளியேற்றினார். அந்தக் குளிர்காலத்தில் வேறெங்கும் ஆடக்கூடாது என்று க்ளீவ்லாந்து நிர்வாகம் சொல்லிவிட்டது. தங்கள் முதலீடு தேய்ந்துவிடக்கூடாதே! 1969இல் 20 ஆட்டம் தோற்றார். அந்த டிசம்பரில் மின்னசோட்டாவுக்கு மாற்றப்பட்டார். 'சுதந்திரச் சந்தை' என்று நாம் பேசுகிறோமே, அதில் ஆட்டக்காரனுக்கு விற்கும் சுதந்திரம் கிடையாது, விற்கப்படும் சுதந்திரம்தான் உண்டு. ஒப்பந்தத்தில் இருந்த 'ரிசர்வ்' ஷரத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவன் அந்த கிளப்புக்கே கட்டுப்பட்டவன். அதே 1969 டிசம்பரில்தான் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பு ஆட்டக்காரர், நான் வாங்கி விற்கிற சொத்து இல்லை என்று லீக்கின் ஆணையருக்கு எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்றது. அந்த ஷரத்து உடைந்தது 1975 டிசம்பரில். ஆக, கியூபாவில் சொத்தாக இருக்க மறுத்தவன் வந்து சேர்ந்த இடத்திலும் சொத்தாகத்தான் இருந்தான். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே அவனுக்கு விலை உண்டு. விலை இருப்பதாலேயே குப்பையில் போடவும் முடியும்.

போட்டார்கள். 1970இல் தோள்பட்டை எலும்பில் முறிவு. 1971 வசந்தத்தில் மின்னசோட்டா கழற்றிவிட்டது. முப்பது வயது, முடிந்த கதை என்று எல்லாரும் நினைத்தார்கள். கீழ் நிலை அணிகள் வழியாக பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு வந்தார். முதல் வருஷம் 1 வெற்றி, 7 தோல்வி. இந்தக் காலத்தில்தான் எறியும் முறையையே மாற்றிக்கொண்டார். எறிவதற்கு முன் உடம்பை முழுக்கத் திருப்பி, மட்டையாளருக்கு முதுகைக் காட்டி, தூரத்து எல்லையைப் பார்த்துவிட்டுச் சுழன்று வருவார். பழைய வேகம் இல்லாத தோளுக்கு இடுப்பும் முதுகும் கை கொடுத்தன. பந்து எங்கிருந்து வருகிறது என்று எதிராளிக்குத் தெரியாது. 1972இல் சராசரி 1.91. லீக்கிலேயே சிறந்தது. 1973, 1974, 1976 மூன்றிலும் இருபது வெற்றிக்கு மேல் அல்லது இருபது.

பத்திரிகைக்காரர்கள் இதை ஒரு கோமாளி வித்தையாகவே எழுதினார்கள். சுருட்டு, நகைச்சுவை, ஸ்பானிய உச்சரிப்பு! காயம்பட்ட ஒரு தொழிலாளி தன் உடம்பை மறுபடி தானே வடிவமைத்துக்கொண்டது அவர்கள் கண்ணில் படவில்லை.

6

1975ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். பாஸ்டனில் அதற்கு முந்தைய வருஷம் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழிக்க, மாணவர்களைப் பஸ்ஸில் மாற்றி அனுப்பும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. கறுப்புப் பிள்ளைகள் போன பஸ்கள்மேல் வெள்ளையர் கல்லெறிந்தார்கள். ரெட் சாக்ஸ், பெரிய லீக்கின் அணிகளிலேயே கடைசியாக, 1959இல்தான், ஒரு கறுப்பரைச் சேர்த்துக்கொண்ட அணி. அதே ஊரில், அதே அணியின் மைதானத்தில், முப்பதாயிரம் பேர் 'லூ-ஈ, லூ-ஈ' என்று தியாந்தின் பெயரைக் கூவினார்கள். இதை நல்லிணக்கத்தின் அடையாளம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேட்டில் நிற்கும் கறுப்பனைக் கொண்டாடுவதும் பள்ளிக்கு வரும் கறுப்புக் குழந்தையை வெறுப்பதும் ஒரே மனசுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும். ஹவானாவின் பழைய அமெச்சூர் சங்கங்களும் இதைத்தானே செய்தன?

அந்த மே மாதம் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் கியூபா போனார். மாசசூசெட்ஸின் கறுப்பு செனட்டரான எட்வர்ட் ப்ரூக் எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. தியாந்தின் பெற்றோரை மகனிடம் அனுப்ப அனுமதிக்க வேண்டும் என்று ஃபிடெல் காஸ்ட்ரோவுக்கு வேண்டுகோள். காஸ்ட்ரோ சம்மதித்தார், விரும்பிய காலம்வரை அங்கேயே இருக்கவும் அனுமதித்தார். ஆகஸ்ட் 21 அன்று கிழவரும் கிழவியும் பாஸ்டன் விமான நிலையத்தில் இறங்கினார்கள். தகப்பனும் மகனும் பார்த்துப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. காஸ்ட்ரோ பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. ஒரு கிழவன் தன் மகனைப் பார்ப்பதற்கு இரண்டு செனட்டர்களும் ஒரு பிரதமரும் ஏன் தேவைப்பட்டார்கள்? பெருந்தன்மை என்பதே உரிமை இல்லாத இடத்தில் முளைப்பதுதானே!

ஆகஸ்ட் 26 அன்று ஃபென்வே மைதானத்தில் தொடக்கப் பந்தை எறிய அப்பாவை அழைத்தார்கள். அறுபத்தொன்பதை நெருங்கும் வயது. மேட்டில் ஏறி, கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். எறிந்தார். பந்து தாழ்ந்துபோயிற்று. சம்பிரதாயத்துக்கு அது போதும், சனம் கைதட்டிவிட்டது. அவர் விடவில்லை. பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி மறுபடி எறிந்தார். இந்த முறை சரியாகப் போயிற்று. பெரிய லீக் ஆட்டம் ஒன்றின் மேட்டில் அவர் எறிய வாய்த்தது இவ்வளவுதான்; அதையும் ஒழுங்காக எறியாமல் இறங்க அவருக்கு மனசில்லை.

அக்டோபரில் உலகத் தொடர். முதல் ஆட்டத்தில் தியாந்த் சின்சினாட்டியை ஒரு ரன்னும் எடுக்கவிடாமல் 6–0 என்று வென்றார். ஆம், மெந்தெஸை வேண்டாம் என்று சொன்ன அதே சின்சினாட்டி. நான்காவது ஆட்டத்தில் 150க்கும் மேற்பட்ட பந்துகளைத் தானே எறிந்து 5–4 என்று காப்பாற்றினார். ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் தோற்றது. அதில் சின்சினாட்டியைத் தூக்கிநிறுத்திய அடியை அடித்தவர் டோனி பெரேஸ். அவரும் கியூப சர்க்கரை ஆலை ஊரிலிருந்து வந்தவர்தான்.

1976 டிசம்பரில் அப்பா பாஸ்டனில் இறந்தார். அவரை அடக்கம் செய்வதற்குள் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இருவரையும் மாசசூசெட்ஸ் மண்ணிலேயே புதைத்தார்கள். மகன் மறுபடி ஹவானாவில் கால் வைத்தது 2007இல், நாற்பத்தாறு வருஷம் கழித்து. அப்போதும் வாஷிங்டனின் அனுமதி இல்லாமல் போகவர முடியாத நிலை. சுவரின் செங்கல்களில் பாதி ஹவானாச் சூளையில் சுட்டவை. மீதிப் பாதி வாஷிங்டனில் சுட்டவை. இதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

7

சோவியத் உதவி நின்று கியூபா பட்டினியில் தவித்த காலம் வந்தது. 1991 ஜூலையில் ரெனே அரோச்சா என்ற பிட்சர் மயாமி விமான நிலையத்தில் தேசிய அணியை விட்டு நழுவினார். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கானோர். இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கியூபன் நேராக அமெரிக்காவில் இறங்கினால் புதுமுகத் தேர்வில் ஒரே ஒரு கிளப்பிடம் மாட்டிக்கொள்வான், சொற்பத் தொகைதான். மூன்றாவது நாடு ஒன்றில் குடியேறிவிட்டு வந்தால் எல்லா கிளப்பும் போட்டி போடும், கோடிக்கணக்கில் தொகை. ஆகவே மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, ஹெய்த்தி என்று படகுகள் போயின. படகு விடுகிறவன் கடத்தல்காரன். ஆட்டக்காரனின் வருங்காலச் சம்பளத்தில் பங்கு எழுதி வாங்கிக்கொண்டான். 2017இல் மயாமி நீதிமன்றம் ஓர் ஏஜெண்டை ஆள்கடத்தல் குற்றத்தில் தண்டித்தது. ஆள்கடத்தலைக் கண்டுபிடித்தவன் அந்த ஏஜெண்ட் இல்லை. ஒரு பக்கம் வணிகத் தடை, இன்னொரு பக்கம் வெளியேறத் தடை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் எவனோ கடை போடத்தான் செய்வான்.

2013 ஜனவரியில் கியூபா வெளியேறும் அனுமதிச் சீட்டு முறையை ஒழித்தது. அதே ஆண்டு ஆட்டக்காரர்கள் அயல்நாட்டில் ஒப்பந்தத்தில் ஆடவும் வழி செய்தது. 2018 டிசம்பரில் கியூபக் கூட்டமைப்பும் அமெரிக்கப் பெரிய லீக்கும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. கூட்டமைப்புக்கு ஒரு பங்கு. ஆட்டக்காரன் விமானத்தில் போய், பருவம் முடிந்து வீடு திரும்பலாம். அப்பா தியாந்தின் பழைய வருஷச் சுற்றுத்தான் இது! 2019 ஏப்ரலில் ட்ரம்ப் நிர்வாகம் இதை ரத்து செய்தது. சுதந்திரத்தின் காவலர்கள் கியூபன் படகில் சாகாமல் வருவதை விரும்பவில்லை. கதையின் நாயகன் திரும்பி ஊருக்குப் போய்விட்டால் மயாமிக் கதையே காலியாகிவிடுமே.

2020 டிசம்பரில் அமெரிக்கப் பேஸ்பால் ஆணையம் 1920க்கும் 1948க்கும் இடைப்பட்ட ஏழு 'நீக்ரோ லீக்'குகளையும் பெரிய லீக்குகள் என்று அங்கீகரித்தது. அப்பா தியாந்த் செத்து நாற்பத்து நாலு வருஷம் கழித்துப் 'பெரிய லீக் ஆட்டக்கார'ரானார். மகன், கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்துக்குத் தேர்வாகாமலே இறந்தார். இறந்த இரண்டே மாதத்தில், 2024 டிசம்பரில், மறுபடி பரிசீலித்தார்கள், அப்போதும் தேர்வாகவில்லை. காகிதத்தில் திருத்தம் செய்வது இந்த அதிகாரங்களுக்குச் சுலபம். காலாகாலத்தில் கதவைத் திறப்பதுதான் கஷ்டம்.

இதனால் நான் சொல்லவருவது இதுதான். அப்பாவுக்குக் கடல் திறந்திருந்தது, மைதானம் மூடியிருந்தது. மகனுக்கு மைதானம் திறந்தது, கடல் மூடிக்கொண்டது. முதல் கதவை மூடியது நிறவெறி. இரண்டாவதை ஏகாதிபத்தியமும் அதற்கு எதிராக நின்ற புரட்சியும் இரண்டு பக்கமாக நின்று மூடின. அமெரிக்கத் தடையை எதிர்ப்பது நம் வேலை. அதில் சமரசம் கிடையாது. ஆனால் எதிர்க்கிற நாம், போகவும் வரவுமான உரிமையை முதலாளித்துவத்தின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டால், அந்த உரிமையைப் பேசும் பொறுப்பை மயாமிக்காரன் கையில் நாமே கொடுத்தவர்கள் ஆகிறோம். கறுப்பு உழைப்பாளிக் குடும்பங்கள் எப்போதும் கடல் தாண்டித்தான் பிழைத்திருக்கின்றன. அவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

கியூபப் புரட்சியின் சாதனைகளைப் பட்டியலிடும்போது எழுத்தறிவை எழுதுகிறோம், மருத்துவர்களை எழுதுகிறோம், ஒலிம்பிக் பதக்கங்களை எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். நிறவெறியால் ஒடுக்கப்பட்டு, புரட்சி யாருக்காக வந்ததோ அந்த மக்களில் ஒருவரான ஒரு தகப்பன், 1961இல் தன் ஒரே மகனுக்கு, வராதே என்று எழுதிய கடிதத்தையும் அதே கணக்கில், அதே பக்கத்தில் எழுத வேண்டும்.